45 ரன், 23 பேர், ஆறு எண்கள்: தற்செயல்கள் ஏன் இவ்வளவு அடிக்கடி நடக்கின்றன?

1877 மார்ச்சில் மெல்போர்ன் மைதானத்தில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மோதிய ஆட்டம்தான் முதல் டெஸ்ட் போட்டி என்று கணக்கில் இருக்கிறது. ஆஸ்திரேலியா 45 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்த ஆட்டத்தின் நூற்றாண்டைக் கொண்டாட, 1977 மார்ச்சில் அதே மைதானத்தில் அதே இரண்டு அணிகளும் மறுபடி ஆடின. இந்த முறையும் ஆஸ்திரேலியாவே ஜெயித்தது. வித்தியாசமும் அதே 45 ரன்.

2011 நவம்பர் 11 அன்று கேப்டவுனில் தென்னாப்பிரிக்கா 236 ரன் இலக்கைத் துரத்திக்கொண்டிருந்தது. காலை 11 மணி 11 நிமிடத்துக்கு அந்த அணி ஜெயிக்க இன்னும் 111 ரன் தேவைப்பட்டது. கிரிக்கெட்டில் 111 ஆகாத எண், காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டால் அது பலிக்காது என்றொரு பழைய நம்பிக்கை உண்டு. பார்வையாளர்கள் எழுந்து ஒற்றைக் காலில் நிற்க, நடுவர் இயன் கூல்டும் அந்த ஒரு நிமிடம் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

கிரிக்கெட் மட்டுமில்லை. 2009 செப்டம்பர் 6 அன்று பல்கேரிய அரசு லாட்டரியில் 4, 15, 23, 24, 35, 42 என்ற ஆறு எண்கள் விழுந்தன. நான்கே நாள் கழித்து, செப்டம்பர் 10 அன்று நடந்த அடுத்த குலுக்கலில் அதே ஆறு எண்கள் மறுபடி விழுந்தன. நாடே சந்தேகப்பட்டது. அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். முறைகேடு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இப்படி ஒரு செய்தி வந்தால் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "இதில் ஏதோ இருக்கிறது" என்று ஒரு கட்சி, "சும்மா தற்செயல்" என்று இன்னொரு கட்சி. கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொன்னால் இரண்டுமே அவசர முடிவுதான். அந்தக் கணக்கு எப்படிப் போகிறது, எந்த இடத்தில் நம்மை ஏமாற்றுகிறது, தப்பாகப் போட்டால் யார் தலையில் விடிகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தற்செயல் என்று எதைச் சொல்கிறோம்?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். வடமொழித் தர்க்கத்தில் இதற்குக் காகதாலீய நியாயம் என்று பெயர். ஒரு தற்செயலுக்கு வேண்டிய மூன்று அம்சங்களும் இந்த ஒரு வரியில் இருக்கின்றன.

1. இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் அல்லது ஒரே மாதிரி சேர்ந்து வர வேண்டும். காக்கை உட்காருவது ஒன்று, பழம் விழுவது ஒன்று.

2. ஒன்றுக்கு மற்றது காரணம் என்று சொல்ல முடியாதிருக்க வேண்டும். காக்கையின் கனத்துக்குப் பனம்பழம் விழாது.

3. பார்க்கிறவருக்கு அதில் ஓர் அர்த்தம் தட்டுப்பட வேண்டும்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். அதே பனைமரத்தில் காக்கை ஆயிரம் முறை வந்து உட்கார்ந்திருக்கும், ஒரு பழமும் விழுந்திருக்காது. காக்கையே இல்லாத நேரத்தில் எத்தனையோ பழங்கள் விழுந்திருக்கும். அதையெல்லாம் வைத்து யாரும் பழமொழி சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்த அந்த ஒரு தடவைதான் பேச்சில் நின்றது.

பெர்சி டயகோனிஸ், ஃபிரெடரிக் மாஸ்டெல்லர் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1989 இல் தற்செயல்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையிலும் கிட்டத்தட்ட இதே வரையறைதான் இருக்கிறது: வியப்பூட்டும்படி சேர்ந்து வருபவை, ஒன்றோடொன்று சம்பந்தமுள்ளவைபோல் தெரிபவை, காரணத் தொடர்பு வெளிப்படையாகத் தெரியாதவை.

இன்னொரு சொல்லும் தேவைப்படும். பத்தாம் வகுப்பில் படித்த நிகழ்தகவு. ஒரு பகடையை உருட்டினால் 6 விழும் நிகழ்தகவு ஆறில் ஒன்று. இரண்டு பகடைகளிலும் 6 விழ, ஆறில் ஒன்றை ஆறில் ஒன்றால் பெருக்கினால் 36 இல் ஒன்று. ஒரு பகடை மற்றதைப் பாதிக்காது என்பதால்தான் பெருக்கலாம். இந்த நிபந்தனையைத் தாண்டிப் போய்விட வேண்டாம். கட்டுரையின் கடைசிப் பகுதியில் ஒரு பெண் சிறைக்குப் போனதே இதை மறந்ததால்தான்.

பந்தியில் 23 பேர்

கல்யாண வீட்டில் ஒரு பந்தி வரிசையில் 23 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே தேதியில் பிறந்தநாள் வர எவ்வளவு வாய்ப்பு? ஆண்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம், மாதமும் தேதியும் ஒத்துப்போனால் போதும். முதல்முறை கேட்பவர்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து, ஆறு என்பார்கள். 365 நாளில் 23 பேர்தானே என்று தோன்றும்.

சரியான விடை 50.7 சதவீதம். அதாவது ஒத்துப்போகாமல் இருப்பதைவிட ஒத்துப்போவதற்குத்தான் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். கணக்கு இப்படி:

1. ஒத்துப்போகும் வாய்ப்பை நேரடியாகத் தேடாமல், யாருக்கும் ஒத்துப்போகாத வாய்ப்பைத் தேடுவோம். அது சுலபம்.

2. முதல் ஆளின் பிறந்தநாள் எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவது ஆள் அந்த ஒரு நாளைத் தவிர்க்க வேண்டும், அவருக்கு 365 இல் 364 நாள் மிச்சம். மூன்றாவது ஆளுக்கு 363. இப்படியே போய் இருபத்து மூன்றாவது ஆளுக்கு 343 நாள்.

3. இந்தப் பின்னங்களை எல்லாம் வரிசையாகப் பெருக்கினால் 0.493 வருகிறது. யாருக்கும் ஒத்துப்போகாத வாய்ப்பு இதுதான்.

4. ஒன்றிலிருந்து இதைக் கழித்தால் 0.507.

முதலில் ஏன் நாம் ஐந்து, ஆறு என்றோம்? ஏனென்றால் நம்மை அறியாமல் வேறு கேள்விக்கு விடை சொன்னோம். "இந்த 22 பேரில் யாருக்காவது என் பிறந்தநாள் இருக்குமா?" என்பது அந்தக் கேள்வி. அதற்கு விடை ஆறு சதவீதம்தான். அந்த வாய்ப்பு பாதியைத் தாண்ட உங்களைத் தவிர 253 பேர் தேவை. ஆனால் கேட்கப்பட்டது "யாராவது இரண்டு பேர்" என்று. 23 பேரில் எத்தனை ஜோடி போடலாம் என்று எண்ணிப் பாருங்கள். 23 ஐ 22 ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 253 ஜோடிகள். ஆட்கள் கூடக்கூட ஜோடிகள் அதைவிட வேகமாகப் பெருகுகின்றன. நம் கண்ணுக்கு 23 தலைகள்தான் தெரிகின்றன, 253 ஜோடிகள் தெரிவதில்லை.

வரிசை நீண்டால் வாய்ப்பு மளமளவென்று ஏறும். 30 பேருக்கு 70 சதவீதம், 50 பேருக்கு 97 சதவீதம். "ஒரே தேதி" என்பதைத் தளர்த்தி ஒரு நாள் முன்பின் இருந்தாலும் சரி என்று வைத்துக்கொண்டால் 14 பேரே போதும், பாதியைத் தாண்டிவிடும். இந்தக் கடைசிச் செய்தி சின்னதாகத் தெரியலாம், ஆனால் தினசரி வாழ்க்கையில் இதற்குத்தான் வேலை அதிகம். "என் பிறந்தநாளும் உங்கள் பிறந்தநாளும் ஒரே நாள்" என்று வியப்பதுபோலவே, "அடடே, ஒரே ஒரு நாள் வித்தியாசம்" என்றும் வியக்கிறோம். எல்லையைத் தளர்த்தத் தளர்த்த அதிசயங்கள் கூடும்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2014 உலகக் கோப்பைக் கால்பந்தில் 32 அணிகள், அணிக்கு 23 வீரர்கள். கணக்குப்படி சுமார் 16 அணிகளில் ஒரே பிறந்தநாள் ஜோடி இருக்க வேண்டும். பட்டியலை எடுத்துச் சரிபார்த்தபோது அப்படியே 16 அணிகளில் இருந்தது.

நீங்களே சோதிக்க இன்னும் எளிய வழி உண்டு. 13 பேர் கூடியிருக்கும் இடத்தில் எல்லோருடைய செல்போன் எண்ணிலும் கடைசி இரண்டு இலக்கத்தைக் கேளுங்கள். 00 முதல் 99 வரை நூறு வாய்ப்புகள், ஆள் 13 பேர்தான். ஆனாலும் இரண்டு பேருக்கு ஒரே இலக்கங்கள் வர 55 சதவீத வாய்ப்பு உண்டு. 20 பேர் என்றால் 85 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

பல்கேரியாவுக்கு வருவோம். 42 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க 52 லட்சத்துச் சொச்சம் வழிகள் உண்டு. குறிப்பிட்ட இரண்டு குலுக்கல்கள் ஒத்துப்போக 52 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. ஆனால் வாரம் இரண்டு குலுக்கல் வீதம் 26 ஆண்டு நடத்தினால் சுமார் 2,700 குலுக்கல்கள் ஆகும். அவற்றில் ஏதாவது இரண்டு ஒத்துப்போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வந்துவிடும். அடுத்தடுத்த குலுக்கலிலேயே ஒத்துப்போனது இதைவிட அபூர்வம்தான், சந்தேகமில்லை. ஆனால் உலகில் எத்தனை லாட்டரிகள், எத்தனை ஆண்டுகள்! மறு ஆண்டே, 2010 இல், இஸ்ரேல் லாட்டரியில் ஒரு மாதத்துக்குள் அதே ஆறு எண்கள் திரும்பி வந்தன. இன்னொன்று: பல்கேரியாவில் முதல் குலுக்கலில் அந்த எண்களுக்கு யாருமே பரிசு வாங்கவில்லை, இரண்டாவதில் 18 பேர் வாங்கினார்கள். முந்தைய குலுக்கலில் விழுந்த எண்களையே எடுத்து எழுதுகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள் என்றால் இதில் மர்மம் தேவைப்படாது.

எனக்கு நடப்பதும் யாருக்காவது நடப்பதும்

1980களில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு பெண் நான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை பெரும் லாட்டரிப் பரிசு வாங்கினார். 17 லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு என்று பத்திரிகைகள் எழுதின. ஒருவர் குறிப்பிட்ட இரண்டு குலுக்கல்களுக்குத் தலா ஒரு சீட்டு வாங்கி இரண்டிலும் ஜெயிப்பதற்கான எண் அது. பர்டூ பல்கலைக்கழகப் புள்ளியியலாளர்கள் ஸ்டீபன் சாமுவெல்ஸும் ஜார்ஜ் மெக்கேபும் கேள்வியை மாற்றினார்கள். அமெரிக்கா முழுவதும் கோடிக்கணக்கானோர் வாரந்தோறும் சீட்டு வாங்குகிறார்கள். ஒரே ஆள் பல சீட்டு வாங்குகிறார். ஒரு முறை ஜெயித்தவர் வாங்குவதை நிறுத்துவதும் இல்லை. நாட்டில் எங்காவது யாராவது நான்கு மாதத்துக்குள் இரட்டைப் பரிசு வாங்க எவ்வளவு வாய்ப்பு? 30 இல் ஒன்று. ஏழு ஆண்டு என்றால் பாதிக்கும் மேல்.

இரண்டு எண்ணும் சரிதான். கேள்விதான் வேறு. தற்செயல்களைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது என்று சொல்வேன். நடந்து முடிந்த பிறகு அந்த ஆளை, அந்தத் தேதியை, அந்த எண்ணைச் சுட்டி "இது நடக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்டால் எதுவும் அதிசயமாகத்தான் தெரியும். "இதுபோல் ஏதாவது ஒன்று, யாருக்காவது, எப்போதாவது நடக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்க வேண்டும்.

தினமும் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். ஒருவரைப் பற்றி நினைத்த மாத்திரத்தில் அவரிடமிருந்தே போன் வருகிறது. "உங்களுக்கு நூறு ஆயுசு, இப்பத்தான் நினைச்சேன்" என்கிறோம். இதற்கு ஒரு தோராயக் கணக்கு போடலாம். உங்களுக்குத் தெரிந்தவர்கள் நூறு பேர் என்று வையுங்கள். ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறை காரணமில்லாமல் உங்கள் நினைவுக்கு வருகிறார், மாதம் ஒரு முறை போன் பண்ணுகிறார். நினைத்த ஐந்து நிமிடத்துக்குள் போன் வந்தால் அதிசயம் என்று கொள்வோம். நாளுக்கு 16 மணி நேரம் விழித்திருந்தால் மாதத்துக்கு 28,800 நிமிடங்கள். ஆக ஒரு ஆளுக்கு ஒரு மாதத்தில் 5,760 இல் ஒரு வாய்ப்பு. நூறு பேர், பன்னிரண்டு மாதம் என்று பெருக்கினால் ஆண்டுக்கு ஐந்தில் ஒன்று. ஐந்தாண்டுக்கு ஒரு முறை உங்களுக்கு இது நடக்க வேண்டும். ஒரு லட்சம் பேர் இருக்கும் ஊரில் தினமும் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நடக்க வேண்டும். நான் வைத்த எண்களை நீங்கள் மாற்றிப் பார்க்கலாம், ஆனால் எப்படி மாற்றினாலும் பூஜ்யத்துக்கு வராது. அன்று மாலை அந்த ஐம்பது பேரும் இதை யாரிடமாவது சொல்வார்கள். போன் வராதவர்கள் சொல்ல மாட்டார்கள்.

ராமானுஜனின் கடிதத்தை 1913 இல் ஹார்டியோடு சேர்ந்து உட்கார்ந்து படித்தவர் ஜான் லிட்டில்வுட். அவர் பெயரில் ஒரு விதி உண்டு, அதை விளக்கி எழுதியவர் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன். பத்து லட்சத்தில் ஒன்றாக நடப்பதை அற்புதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் நாம் கவனத்தோடு இருக்கிறோம், விநாடிக்கு ஒரு நிகழ்வைப் பார்க்கிறோம் அல்லது கேட்கிறோம் என்றால் நாளுக்கு 28,800 நிகழ்வுகள். 35 நாளில் பத்து லட்சம் ஆகிவிடும். ஆக மாதத்துக்கு ஓர் அற்புதம் நம் ஒவ்வொருவருக்கும் வரவேண்டியதுதான்.

கவனித்தீர்களா? போன் கணக்கிலும் 28,800, இங்கேயும் 28,800. முன்னதில் 16 மணி நேரம், 60 நிமிடம், 30 நாள். பின்னதில் 8 மணி நேரம், 60 நிமிடம், 60 விநாடி. 16 ஐ 30 ஆல் பெருக்கினாலும் 8 ஐ 60 ஆல் பெருக்கினாலும் 480 தான்.

மனம் பொறுக்கி எடுக்கும் விதம்

இதுவரை படித்ததில் 23 என்ற எண் எத்தனை இடத்தில் வந்தது? பந்தியில் 23 பேர், கால்பந்து அணியில் 23 வீரர்கள், பல்கேரிய லாட்டரியில் விழுந்த ஓர் எண் 23. கேப்டவுன் டெஸ்டில் அந்த 111 க்கு முந்தைய நாள் விழுந்த விக்கெட்டுகளும் 23. கால்பந்து ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 22 பேர், நடுவரோடு 23. இந்தப் பத்தியை மட்டும் தனியாக வாசிப்பவருக்கு 23 க்கு ஏதோ சக்தி இருப்பதாகத் தோன்றும். ஆனால் இதே கட்டுரையில் பத்துக்கும் மேற்பட்ட வேறு எண்களும் இருக்கின்றன. அவற்றை நான் சுட்டவில்லை, நீங்கள் எண்ணவில்லை.

லிங்கன், கென்னடி பட்டியல் இப்படித்தான் பல பத்தாண்டுகளாகச் சுற்றுகிறது. லிங்கன் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானது 1846, கென்னடி 1946. அதிபர் தேர்தலில் ஜெயித்தது 1860, 1960. இருவரும் வெள்ளிக்கிழமை, மனைவி பக்கத்தில் இருக்கும்போது சுடப்பட்டார்கள். இருவருக்கும் பின் வந்தவர் ஜான்சன், ஒருவர் பிறந்தது 1808, மற்றவர் 1908. இவ்வளவும் உண்மை. அதே பட்டியலில் "லிங்கனின் செயலாளர் பெயர் கென்னடி" என்றும் இருக்கும். லிங்கனின் செயலாளர்கள் நிக்கோலே, ஹே. அப்படியொரு கென்னடி இருந்ததற்கு ஆதாரம் இல்லை. லிங்கனைச் சுட்ட பூத் 1839 இல் பிறந்தார், கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்டு 1939 இல் பிறந்தார் என்றும் இருக்கும். பூத் பிறந்தது 1838. ஒத்துப்போனதைச் சேர்த்தார்கள், ஒத்துப்போகாததை விட்டார்கள், கொஞ்சம் இடித்ததைத் தள்ளிப் பொருத்திவிட்டார்கள். இருவரும் பிறந்த தேதி, மாதம், ஊர், மதம், உயிர் பிரிந்த வயது என்று ஒத்துப்போகாத நூறு விஷயங்களைப் பட்டியலிட்டால் யாரும் பகிர மாட்டார்கள்.

புதிதாக ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டதும் அது எங்கு பார்த்தாலும் தென்படுவதும் இந்த ரகம். சொல் முன்பும் இருந்தது, நம் கண்தான் இப்போது அதைத் தேடுகிறது.

கொத்தாக விழுவது இயல்பு

தற்செயல் என்றால் பரவலாக, ஒழுங்காகத் தூவப்பட்டிருக்கும் என்று நினைக்கிறோம். ஓரிடத்தில் குவிந்தால் சந்தேகம் வருகிறது. 1944 இல் ஜெர்மனி ஏவிய வி-1 பறக்கும் குண்டுகள் லண்டனில் விழுந்தபோது சில வட்டாரங்களில் கொத்துக்கொத்தாக விழுந்தன, சில வட்டாரங்கள் தப்பின. தப்பிய இடங்களில் ஜெர்மானிய உளவாளிகள் குடியிருக்கிறார்கள் என்றுகூடப் பேச்சு எழுந்தது. போருக்குப் பிறகு, 1946 இல், ஆர். டி. கிளார்க் என்பவர் தெற்கு லண்டன் வரைபடத்தை கால் சதுர கிலோமீட்டர் அளவில் 576 கட்டங்களாகப் பிரித்தார். விழுந்த குண்டுகள் 537. குருட்டாம்போக்கில் விழுந்திருந்தால் எத்தனை கட்டங்களில் எத்தனை குண்டு இருக்க வேண்டும் என்று சூத்திரப்படி கணக்கிட்டு, உண்மையில் விழுந்ததோடு ஒப்பிட்டார்.

குண்டே விழாத கட்டங்கள்: கணக்குப்படி 227, உண்மையில் 229.
ஒரு குண்டு: கணக்குப்படி 211, உண்மையில் 211.
இரண்டு: 99, உண்மையில் 93.
மூன்று: 31, உண்மையில் 35.
நான்கு: 7, உண்மையில் 7.

இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போனது. அந்த வட்டாரத்தில் குறிவைப்பும் இல்லை, உளவாளியும் தேவையில்லை. தற்செயலுக்குக் கொத்தும் உண்டு, வெற்றிடமும் உண்டு.

ஒரு நாணயத்தை 200 முறை சுண்டி எழுதி வாருங்கள். எங்காவது தொடர்ந்து ஆறு பூவோ ஆறு தலையோ வந்திருக்க 95 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு உண்டு. சுண்டாமல் மனதிலிருந்து எழுதச் சொன்னால் யாருக்கும் ஆறு வரை போக மனசு வராது. 1913 ஆகஸ்ட் 18 இரவு மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் சுழல் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. அடுத்தது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று சிவப்பில் பணத்தைக் கொட்டியவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் இழந்தார்கள். முந்தைய சுற்று சக்கரத்துக்கு ஞாபகம் இருக்காது.

காரணம் ஒளிந்திருக்கும் ஒற்றுமைகள்

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லாமே தற்செயல்தான் என்று முடிவுகட்டினால் அதுவும் தப்பு. நம் ஊரிலேயே ஓர் உதாரணம். அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்களின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தால் பிறந்த தேதி மே, ஜூன் என்று நிறையப் பேருக்கு இருக்கும். அந்த மாதங்களில் பிள்ளைகள் அதிகம் பிறக்கவில்லை. பிறப்புப் பதிவு இல்லாத காலத்தில், பள்ளியில் சேர்க்க வந்த பிள்ளையைத் தலைமையாசிரியர் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து நிறைந்திருக்கும்படி ஒரு தேதியை அவரே பதிவேட்டில் எழுதிவிடுவார். அந்தத் தலைமுறையினர் கூடிய பந்தியில் சான்றிதழ் தேதியைக் கேட்டால் ஒத்துப்போக 23 பேர்கூட வேண்டியிருக்காது.

பல ஒற்றுமைகள் இப்படி விசாரித்ததால்தான் விளங்கின. தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் வெட்டிப் பிரித்த அட்டைபோல் பொருந்துவதைத் தற்செயல் என்றே பலர் விட்டிருந்தார்கள். 1912 இல் ஆல்ஃபிரட் வேகனர் அதைக் காரணமாகப் பார்த்தார். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்பதை உலகம் ஒப்புக்கொள்ள 1960கள் வரை ஆனது.

1980 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா லாட்டரியில் 666 விழுந்தது. ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு, அதிசயமே இல்லை. ஆனால் அன்று 4, 6 ஆகிய இரண்டு இலக்கங்கள் மட்டும் வரும் எண்களில் சிலர் வழக்கத்துக்கு மாறாகப் பணம் கட்டியிருந்தார்கள். தோண்டிப் பார்த்தபோது, 4, 6 தவிர மற்றப் பந்துகளுக்குள் பெயிண்ட் ஏற்றிக் கனமாக்கியிருந்தது தெரிந்தது. குலுக்கலை அறிவித்தவரே உடந்தை. பல்கேரியாவில் விழுந்த எண்கள் பென்சில்வேனியாவில் விழுந்ததைவிடப் பல ஆயிரம் மடங்கு அபூர்வம். மோசடி நடந்ததோ பென்சில்வேனியாவில். ஆகவே எவ்வளவு அபூர்வம் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. மூன்று கேள்வி கேட்க வேண்டும்:

1. இந்த ஒற்றுமையை முன்கூட்டியே எதிர்பார்த்துச் சொன்னோமா, நடந்த பிறகு கண்டெடுத்தோமா?

2. ஒத்துப்போக எத்தனை வாய்ப்புகள் இருந்தன? எத்தனை ஜோடி, எத்தனை நாள், எத்தனை பேர்?

3. தற்செயல் இல்லை என்றால் வேறு என்ன நடந்திருக்க வேண்டும்? அந்த மாற்று விளக்கம் எவ்வளவு அபூர்வம்? அதற்குத் தனியாக வேறு தடயம் உண்டா?

மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு வழக்குகள் இருக்கின்றன.

7.3 கோடியில் ஒன்று

இங்கிலாந்தின் வழக்கறிஞர் சாலி கிளார்க்கின் முதல் குழந்தை 1996 டிசம்பரிலும் இரண்டாவது குழந்தை 1998 ஜனவரியிலும் கைக்குழந்தையாகவே இறந்தன. அவர்மீது கொலை வழக்கு. இப்படிப்பட்ட குடும்பத்தில் தொட்டில் மரணம், அதாவது காரணம் தெரியாமல் கைக்குழந்தை திடீரென்று இறப்பது, நடக்க 8,543 இல் ஒரு வாய்ப்பு, இரண்டு நடக்க அதையே அதனால் பெருக்கி 7.3 கோடியில் ஒரு வாய்ப்பு என்று ஒரு குழந்தை மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். 1999 நவம்பரில் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

பகடைக் கணக்கில் சொன்ன நிபந்தனை நினைவிருக்கும். ஒன்று மற்றதைப் பாதிக்காதபோதுதான் பெருக்கலாம். ஒரே தாய் தந்தை, ஒரே மரபணு, ஒரே வீடு. முதல் குழந்தையை எடுத்துக்கொண்ட காரணம் எதுவோ அது இரண்டாவது குழந்தைக்கும் இருக்கலாம். பெருக்கியதே தப்பு.

இன்னொரு தப்பு இதைவிட ஆழமானது. 7.3 கோடியில் ஒன்று என்பதைக் கேட்டவர்கள் "இவர் நிரபராதியாக இருக்க 7.3 கோடியில் ஒரு வாய்ப்பு" என்று எடுத்துக்கொண்டார்கள். அது வேறு, இது வேறு. ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் அடுத்தடுத்துக் கொல்வதும் மிக மிக அபூர்வம். இரண்டு அபூர்வங்களில் எது நடந்திருக்கும் என்பதுதான் கேள்வி. ஒன்றை மட்டும் தராசில் வைத்து எடை பார்த்தார்கள், மற்றத் தட்டு காலியாகவே இருந்தது.

2001 அக்டோபரில் பிரிட்டனின் அரசப் புள்ளியியல் கழகம் அந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. இரண்டாவது குழந்தைக்குக் கிருமித்தொற்று இருந்ததைக் காட்டும் சோதனை முடிவுகள் விசாரணையில் வெளியிடப்படாமல் போனதும் தெரியவந்தது. 2003 ஜனவரியில் தண்டனை ரத்தானது. மூன்று ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு வந்த சாலி கிளார்க் 2007 இல், 42 வயதில் இறந்தார்.

அவர் விடுதலையான அதே 2003 இல் நெதர்லாந்தில் லூசியா டி பெர்க் என்ற செவிலியருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் பணியில் இருந்த நேரங்களிலேயே நோயாளிகளின் மரணங்களும் ஆபத்தான நிலைகளும் அதிகம் நேர்ந்தன, தற்செயலாக இப்படி அமைய 34.2 கோடியில் ஒரு வாய்ப்பு என்ற கணக்கு வழக்கில் பெரும் பங்கு வகித்தது. பிறகு புள்ளியியலாளர்கள் ஆவணங்களைத் திரும்பப் புரட்டினார்கள். எந்தச் சம்பவம் சந்தேகத்துக்குரியது என்று பிரித்தபோதே, அப்போது அவர் பணியில் இருந்தாரா என்பது பிரித்தவர்களின் பார்வையைச் சாய்த்திருந்தது. அவர் இருந்த நேரத்து மரணம் சந்தேகமாகவும், இல்லாத நேரத்து மரணம் இயற்கையாகவும் தெரிந்தது. அந்தக் குழந்தைகள் வார்டில் அவர் சேருவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் ஏழு மரணங்கள். அவர் பணியில் இருந்த மூன்று ஆண்டுகளில் ஆறு. 2010 ஏப்ரலில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

2022 இல் அரசப் புள்ளியியல் கழகம் இப்படிப்பட்ட மருத்துவமனை வழக்குகளை விசாரிப்பதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. பனைமரத்தில் விழாத பழங்களையும் எண்ணச் சொல்லும் அறிக்கை அது. அதில் வலியுறுத்தப்படும் முறைகளில் ஒன்று எந்த மருத்துவமனையும் நாளைக்கே கடைப்பிடிக்கக்கூடியது: இறந்தவர்களின் கோப்புகளைப் படித்து எது இயற்கை, எது சந்தேகம் என்று பிரிப்பவரின் கையில் அன்று யார் பணியில் இருந்தார்கள் என்ற பட்டியல் இருக்கக் கூடாது.